விரியும் கிளவுஸ்

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்று ஒரகடம் மைதானத்தில் நடந்த பேஸ்பால் ஆட்டத்தில், நான் வளைத்து வீசும் கர்வ் பந்து ஒன்றைக்கூட விடாமல் விளாசினார்கள். அது எப்போது வரும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

சொல்லிக்கொடுத்தவன் சேகர். எட்டு வருடம் என் பந்தைப் பிடித்த கேட்ச்சர். நிரந்தர வேலை என்றதும் போன மாதம் எதிர் கம்பெனி அணிக்குப் போனான். அதில் எனக்குக் கோபமில்லை. என்னையும் பேஸ்பாலுக்காகத்தான் இங்கே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டிருந்தால் நானும் போயிருப்பேன்.

ஆட்டம் முடிந்ததும் டீக்கடையில் பிடித்துக் கேட்டேன். சிரித்தான்.

"கர்வ் போடறதுக்கு முன்னாடி, பந்த மறைக்கிற உன் கிளவுஸ் கொஞ்சம் விரியும் மச்சி. மொத நாள்லேர்ந்தே அப்டித்தான்."

"அப்ப எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"எந்தப் பந்து போடணும்னு நான் காட்டற சிக்னல நீ என்னிக்குக் கேட்ட? உன் இஷ்டத்துக்குப் போடுவ. கிளவுஸ பாத்துத்தான் நான் பந்தப் புடிச்சேன். நீ மாத்திக்கினா நான் இன்னா பண்றது?"

இப்போது அறைக் கண்ணாடி முன் வீசிப் பார்த்தேன். விரியத்தான் செய்கிறது.

போன வருடம் நாங்கள் சேர்ந்து ஆடிய மாநில இறுதி ஆட்டத்தில் என் கர்வ் அடிபட்டுத் தோற்றோம். அன்று அழுதுகொண்டிருந்த என் தோளைத் தட்டி, "உன் மேல தப்பே இல்ல மச்சி" என்றான்.

அன்றும் அவனுக்குத் தெரியும்.