பளபளவென்று கெட்டுப்போன எஞ்சின்

29 மார்ச் 1987, ஞாயிறு

குளிர்காலம் முடிந்து இன்றுதான் முதன்முதலாக எங்கள் மாதிரி விமானத்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். போகாமலே இருந்திருக்கலாம்.

முதல் தடவை எஞ்சின் ஒழுங்காகத்தான் கிளம்பியது. என் புருஷன் வில்ஃப் வட்டத்தின் நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு கம்பியின் மறுமுனையில் விமானம் அவனைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. எரிபொருள் தீர்ந்ததும் இறங்கி, வட்டத்துக்கு வெளியே குந்தியிருந்த என்னிடம் வந்தது. பிடித்தேன், டாங்கை நிரப்பினேன், எஞ்சினைக் கிளப்ப மூக்கில் இருக்கும் விசிறியை விரலால் சுண்டினேன். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினேன். 'பொசுக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விரல் வீங்கும்வரை சுண்டினேன். என் உள்ளங்கையில் அடங்குகிற எஞ்சின், அதற்கு இவ்வளவு திமிர்! சூடு முழுக்க ஆறின பிறகு சமர்த்தாகக் கிளம்பியது. பந்தயத்தில் சூடு ஆறும்வரை எவன் காத்திருப்பான்?

வில்ஃப் நடுவில் உட்கார்ந்து, கைப்பிடியைத் தரையில் வைத்துவிட்டு, நிதானமாக ஒரு டாஃபியைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டான். வரும்போது காரில் சொல்கிறான்: "முன்னெல்லாம் நீ சுண்டினா பேப்பரைப் பிரிக்கவே நேரம் இருக்காது தெல்மா. இப்போ முழு டாஃபியும் கரைஞ்சுடுது."

சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

5 ஏப்ரல், ஞாயிறு

அதே கதை. சூடானால் கிளம்ப மாட்டேன் என்கிறது.

"உன் விரலுக்கு வயசாயிடுச்சும்மா" என்றான். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். மெதுவாக, பரிதாபப்பட்டுச் சொன்னான். "டங்கனைக் கேட்டுப் பார்க்கட்டுமா? பையன் விரல் மின்னல் மாதிரி. உனக்கும் முட்டி வலி."

டங்கன் போன வருஷம் கிளப்பில் சேர்ந்தவன். பல் மருத்துவன். பல்லைப் பிடுங்குகிறவன் என் இடத்தையும் பிடுங்கப் பார்க்கிறான். இல்லை, அவனைச் சொல்லி என்ன? கேட்டது என் புருஷன்.

"மே இருபத்தஞ்சு பந்தயம் வரைக்கும் டைம் கொடு" என்றேன்.

"சரி. அதுல சூடா கிளம்பினா நீ. இல்லேன்னா டங்கன்."

கல்யாணமான கோடையிலிருந்து அவன் பறக்கவிடுவான், நான் சுண்டுவேன். நாங்கள் சேர்ந்து செய்கிற காரியம் இது ஒன்றுதான். மீதி நேரமெல்லாம் அவன் தோட்டத்தில், நான் பள்ளிக்கூடச் சமையலறையில். இது போனால் என்ன மிச்சம்?

6 ஏப்ரல், திங்கள்

உருளைக்கிழங்கு சீவும்போதெல்லாம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லாத்தானே இருக்கு?

11 ஏப்ரல், சனி

விரல் இல்லை! எஞ்சின்தான்! எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்!

வில்ஃப் செடி வாங்கப் போனதும் எஞ்சினைக் கழற்றினேன். ஏது இத்தனை பளபளப்பு? விசிறியைப் பிடித்து எஞ்சினைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். எங்கள் கிளப்பில் எல்லோரும் செய்கிற சோதனை இது: உள்ளே காற்று கசியாமல் இருந்தால் எஞ்சின் தன் எடையால் சுற்றிவிடாமல் அப்படியே தொங்கும். இது வெண்ணெய் தடவின மாதிரி வழுக்கிச் சுற்றிவிட்டது. பிஸ்டனுக்கும் அது ஏறி இறங்குகிற குழாயான ஸ்லீவுக்கும் நடுவே காற்று சும்மா போய் வருகிறது. ஆறியிருக்கும்போது எண்ணெய் கெட்டியாக நின்று இடைவெளியை அடைக்கும். சூட்டில் அதுவும் தண்ணியாகிவிடும். அப்புறம் நான் என்ன, அந்த டங்கனே பத்து விரலால் சுண்டினாலும் கிளம்பாது.

வில்ஃப் வந்ததும் கேட்டேன். மூஞ்சியெல்லாம் பெருமை.

"பிப்ரவரில நீ விட்பிக்கு உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தியே, அப்போ சுத்தம் பண்ணேன். உனக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு. கார்ல ஊத்தற ஆன்டி-ஃப்ரீஸ்ல போட்டு ராத்திரி பூரா வேக வெச்சேன். உள்ளே இருந்த பழுப்பெல்லாம் தோல் மாதிரி உரிஞ்சு வந்துது பாரு!"

"எதுல வேக வெச்சே?"

வாங்கிவந்த செடியின் இலையைத் தடவினான்.

"வில்ஃப். எதுல?"

"உன் ஸ்லோ குக்கர்ல."

இறைச்சியை மெல்ல வேகவைக்கிற மின்சாரச் சட்டியில் அந்த விஷத்தை ஊற்றியிருக்கிறான்! கடவுள் புண்ணியத்தில் பிப்ரவரியிலிருந்து நான் அதில் எதுவும் சமைக்கவில்லை. இனிமேல் யாரும் சமைக்கவும் முடியாது.

அதைக்கூட மன்னித்துவிடுவேன். அந்தப் பழுப்பு என்ன தெரியுமா? இத்தனை வருஷமாக எரிந்து எரிந்து ஸ்லீவில் படிந்த, எரிபொருளில் கலக்கிற விளக்கெண்ணெய். பிஸ்டன் எப்போதோ தேய்ந்துபோயிருக்கிறது, அந்த அழுக்குதான் இடைவெளியை அடைத்துக்கொண்டு எஞ்சினைக் காப்பாற்றி வந்திருக்கிறது. இந்த மகராசன் அதைச் சுத்தமாக உரித்து எடுத்துவிட்டு, என் விரலுக்கு வயசாகிவிட்டது என்கிறான்!

சொன்னேன். "சுத்தம் பண்ணினா எஞ்சின் கெடுமா? வெளியே சொல்லாதே, சிரிப்பாங்க" என்று செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டான்.

14 ஏப்ரல், செவ்வாய்

பப்பின் பின்னறையில் கிளப் கூட்டம். விஷயத்தைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "விளக்கெண்ணெய்ப் படிவத்தை உரிச்சுட்டானா?" என்று கிளப்பிலேயே மூத்தவரான நாரிஸ் பீரைக் கீழே வைத்தார். துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. வில்ஃப் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஆளாளுக்கு வைத்தியம். ஸ்லீவுக்குக் குரோம் பூசு என்றார் ஒருவர். ஸ்லீவை அச்சில் அழுத்திச் சுருக்கு என்றார் இன்னொருவர். அப்படியே ஓட்டு, நாலு வருஷத்தில் அழுக்குத் தானாகத் திரும்ப வந்துவிடும் என்றார் மூன்றாமவர். "புதுசா ஒண்ணு வாங்கிடலாமே" என்றான் டங்கன். தேவாலயத்தில் கெட்ட வார்த்தை பேசினவனைப் பார்ப்பதுபோல எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

நாரிஸ் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. பிஸ்டன் வார்ப்பிரும்பு. சிவக்கச் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால் துளியூண்டு பெருக்கும், ஆறின பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. பிறகு ஸ்லீவுக்குப் பொருந்தும்வரை தேய்த்துக் கொண்டுவர வேண்டும்.

"ஆனா வில்ஃப் செய்யறதா இருந்தா முதல்ல ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லி வைங்க" என்றார்.

"நான்தான் செய்யப்போறேன்."

"அப்போ சரி" என்று பீரை எடுத்துக்கொண்டார்.

19 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு

ஆட்டுத்தொடை அடுப்பில், பிஸ்டன் ஷெட்டில். இரண்டையும் நானே பார்த்துக்கொண்டேன். சூட்டின் நிறம் தெரிய ஷெட் ஜன்னலைச் சாக்கால் மூடி இருட்டாக்கி, பிஸ்டனைத் தனியே கழற்றி, ஈயம் பற்றவைக்கிற ஊதுவிளக்கின் தீயில் பிடித்தேன். செர்ரிப்பழ நிறம் வந்ததும் சாம்பலில் புதைத்தேன். சாம்பல் எதில்? ஸ்லோ குக்கரில்தான். அதற்கும் ஒரு பிழைப்பு வேண்டாமா?

ஆட்டுத்தொடை தீய்ந்துவிட்டது. வில்ஃப் ஒரு வார்த்தை பேசாமல் தின்றான். பேசித்தான் பார்க்கட்டுமே.

20 ஏப்ரல், திங்கள்

பிஸ்டன் பெருத்திருக்கிறது! ஸ்லீவில் பாதிதான் போகிறது. முத்தம் கொடுத்தேன். உதடெல்லாம் கரி.

26 ஏப்ரல், ஞாயிறு

பித்தளை பாலிஷை எண்ணெயில் குழைத்துப் பிஸ்டனில் தடவி, ஸ்லீவுக்குள் விட்டுத் திருகித் திருகித் தேய்க்க வேண்டும். அடிக்கடி துடைத்து, தொட்டுப் பார்க்க வேண்டும். நான் என்ன செய்தேன்? டி.வி. முன்னால் உட்கார்ந்து தேய்த்தேன். படத்தில் அந்தப் பெண் கடிதம் எழுதிவைத்துவிட்டு வீட்டை விட்டுப் போகிறாளா இல்லையா என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கை பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவள் போகவில்லை. என் பிஸ்டன் போய்விட்டது. லொடலொட. பழையதைவிட மோசம்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். டங்கனே வந்து சுண்டட்டும். எனக்கென்ன? நான் தொப்பி பின்னுகிறேன்.

27 ஏப்ரல், திங்கள்

எனக்குத் தொப்பி பின்னத் தெரியாது.

3 மே, ஞாயிறு

மறுபடி ஊதுவிளக்கு. வில்ஃப் தானாகவே ஷெட்டுக்குள் வந்து நின்றான். "பிடிக்கறதுக்கு ஏதாவது இருக்கா?" என்றான். "வாயைப் பிடிச்சுக்கோ" என்றேன். அப்படியே நின்றான், கடைசிவரை. சிவந்ததைப் பார்த்து "அழகா இருக்குல்ல" என்றான். என் கண்ணுக்கும் அழகாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

10 மே, ஞாயிறு

இந்தத் தடவை டி.வி.க்குத் துணி போட்டு மூடிவிட்டேன். ஒரு வாரமாகத் தேய்ப்பு, துடைப்பு, தொட்டுப் பார்ப்பு. இன்று மாட்டினேன். பிஸ்டன் கீழே சரளமாகப் போகிறது, மேலே ஏற ஏறக் கடிக்கிறது, உச்சியில் 'கிரீச்' என்று கத்துகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். விசிறியை ஜன்னல் கொக்கியில் மாட்டி எஞ்சினைத் தொங்கவிட்டேன். ஒரு கோப்பை டீ குடித்தேன். இரண்டாவதும் குடித்தேன். அசையவில்லை.

ஷெட்டில் பெஞ்சில் வைத்து ஓட்டினேன். சூடாக இருக்கும்போதே நிறுத்திச் சுண்டினேன். ஒரே சுண்டு! வில்ஃபிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஷெட்டுல எல்லாம் கிளம்பும்" என்கிறான் மனுஷன்.

17 மே, ஞாயிறு

மழை. பறக்கவிடவே முடியவில்லை.

24 மே, ஞாயிறு

மழை. நாளைக்கு நின்றால்தான் உண்டு. புது இறுக்கத்தில் ஒரு சிக்கல்: குளிர்ந்திருந்தால் விசிறியைத் திருப்பவே முடியவில்லை. முதலில் கிளப்புவதற்குச் சூடு வேண்டும், அப்புறம் பிரச்சினை இல்லை. டீ ஆறாமலிருக்க ஜாடி மேல் போடும் கம்பளி உறைக்குள் எஞ்சினை வெந்நீர்ப் பையோடு வைத்து எடுத்துப்போகப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

25 மே, திங்கள்

சிரித்தார்கள். டங்கன் கம்பளி உறையைப் பார்த்து "உள்ளே முட்டை இருக்கா?" என்றான். வெந்நீர்ப் பை இன்னும் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

எங்கள் சுற்றில் மூன்று விமானம். நடுவில் வில்ஃபும் மற்ற இரண்டு பேரும் தோளோடு தோள் உரசிச் சுற்றினார்கள். எங்களுடையது கதகதப்பாகக் கிளம்பி, ஊளையிட்டுக்கொண்டு போனது. எரிபொருள் தீர்ந்தது, இறங்கியது, என் கைக்கு வந்தது. கொதிக்கிற சூடு. வில்ஃப் நடுவில் குந்திவிட்டான். நிரப்பினேன். சுண்டினேன்.

ஒரே சுண்டு. கிளம்பிவிட்டது. நான் பாட்டுக்கு விமானத்தை விட்டுவிட்டேன்.

வில்ஃப் டாஃபி பிரித்துக்கொண்டிருந்தான்.

பழக்கதோஷம்! நான் சுண்டிச் சுண்டிச் சாகிற நேரம் அவனுக்கு டாஃபி நேரம். கைப்பிடி தரையில். விமானம் அவன் தலைக்கு மேலே எழும்பின பிறகுதான் நிமிர்ந்தான். பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தான், தலைகீழாக. மேலே இழுக்கவேண்டியவன் கீழே இழுத்தான். கத்த வாயைத் திறந்தால் பொய்ப்பல் இரண்டு வரிசையும் டாஃபியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. "ம்ம்ம்ம்!" என்றான். விமானம் நேராகச் சேற்றில் குத்தியது.

இறக்கை நாலு துண்டு. மூக்குப்பகுதியைத் தோண்டித்தான் எடுத்தோம். எனக்குச் சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை. சேற்றைத் துடைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் விசிறியைப் பிடித்துத் தொங்கவிட்டேன். எஞ்சின் அப்படியே தொங்கியது. நாரிஸ் தொப்பியைக் கழற்றினார். டங்கன் வில்ஃபின் பல்லைப் பிரித்துக் கொடுத்தான். ஏதோ ஒன்றுக்காவது பயன்பட்டான்.

26 மே, செவ்வாய்

டங்கன் போன் செய்தான். "மிஸஸ் சக்டன், அடுத்த பந்தயத்துல எனக்குச் சுண்டித் தர்றீங்களா?"

ராத்திரிச் சாப்பாட்டில் வில்ஃபிடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு எழுந்து ஷெட்டுக்குப் போனான். ரம்பம் அறுக்கும் சத்தம் கேட்கிறது.

14 ஜூன், ஞாயிறு

புது இறக்கை ஆகிவிட்டது. ஒட்டும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "உன் விரலுக்கு ஒண்ணும் ஆகலை தெல்மா. நான்தான் கெடுத்தேன். டங்கன்கிட்டப் போயிடாதே."

"யோசிக்கிறேன்" என்றேன்.

டங்கனுக்கு 'முடியாது' என்று போனிலேயே சொல்லியாகிவிட்டது. இதை வில்ஃபிடம் இன்னும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கிடக்கட்டும்.

12 ஜூலை, ஞாயிறு

பந்தயம். வெயில். வட்டத்துக்குள் போகுமுன் வில்ஃப் நேராக என்னிடம் வந்தான். சட்டைப் பையிலிருந்து டாஃபிப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு நடுவுக்குப் போனான்.

மூன்றாவதாக வந்தோம். இறங்கினபோதெல்லாம் ஒரே சுண்டு. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு டாஃபி கேட்டான். பொட்டலத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை.