மனசு வராமல் சொன்ன மன்னிப்பு

அக்கா,

நேற்று வேலைக்குப் போகையில், விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் பஸ் ஜன்னல் வழியாக அந்த வாடை வந்தது. சர்க்கரை ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. வெல்லப்பாகு தீய்ந்து புளித்த மாதிரி இருக்குமே, அதேதான். பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் தினம் போய்வருகிற எனக்கு அந்த வாடை பழகிப்போன ஒன்று. ஆனால் ஆலை ஓடினால் ரோட்டில் கரும்பு டிராக்டர்கள் ஓடும். அதைப் பார்த்தால் டேவிட் ஞாபகம் வரும். போன வருஷம் இதே சீசனில் நீயும் போய்விட்டாய். இப்போது இரண்டு பேருமே சேர்ந்து வருகிறீர்கள்.

உன் ஒரே மகன். வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்பியவன், இருட்டுகிற நேரத்தில், பின்விளக்கு இல்லாத கரும்பு டிரெய்லரில் மோதினான். டிராக்டரை ஓட்டியவன் வெளியாள்கூட இல்லை. நம் சபையின் மோசஸ். டேவிட்டுக்கு ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவன். மறுநாள் போலீசில் போய் நின்று, "அந்த எடத்துலயே உசுரு போயிடுச்சு" என்று சொன்னான். சபையும் அதையே பிடித்துக்கொண்டது. "புள்ள வலி தெரியாமப் போயிட்டான்மா" என்று வந்தவர்கள் எல்லோரும் உன்னிடம் சொன்னார்கள். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசையாக இருந்தது.

நீ நம்பவில்லை. பிணவறையில் அவன் வலது கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாய். நகத்திடுக்கெல்லாம் செம்மண். வீட்டுக்கு வரும் வழியில் என் காதருகே குனிந்து, "அவன் தவழ்ந்திருக்கான்டி" என்றாய். வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

மோசஸ் ஜாமீனில் வந்ததும் சபைக் கமிட்டிக்காரர்களுக்கு அவசரம் பிறந்துவிட்டது. ஒரே கோவிலில் இரண்டு குடும்பம் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குச் சங்கடம். உனக்கு ஆறுதல் ஜெபம் என்று சொல்லி அழைத்துப்போய், பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, அவனை உன் காலில் விழவைத்தார்கள். அப்போதிருந்த போதகர் உன் கையைத் தூக்கி அவன் தலையில் வைத்தார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். யாரோ ஒருவர் போனில் படமும் எடுத்தார். அந்தப் படத்தை நான் பார்த்தேன். உன் விரல்கள் அவன் தலைமுடியைத் தொடாமல் விறைத்துக்கொண்டு நிற்கின்றன. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பீடத்து மெழுகுவத்தியெல்லாம் தட்டிவிட்டிருப்பேன். நீதான் மறு கையால் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாய்.

அதற்குப் பிறகு நீ திருவிருந்துக்குப் போகவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு வரும்போதெல்லாம் எல்லோரும் அப்பமும் திராட்சரசமும் வாங்க வரிசையாக முன்னால் போய் முழங்கால்படியிடுவார்கள், நீ பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாய். பரமண்டல ஜெபத்தில் 'நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற வரி வந்தால் உன் வாய் மூடிக்கொள்ளும். அது முடிந்ததும் அடுத்த வரியில் சேர்ந்துகொள்வாய். உனக்குக் கல்மனசு என்றார்கள். சாபம் பிடிக்கும் என்றுகூட ஒருத்தி சொன்னாள். எனக்கே பொறுக்காமல் ஒருநாள் கேட்டேன்.

"சும்மா வாயத்தான் அசச்சா இன்னாக்கா?"

"ஆண்டவராண்டயே டிமிக்கி குடுக்கச் சொல்றியா?" என்றாய். "மன்னிக்கறதுன்னா இன்னாத்த மன்னிக்கறோம்னு தெரிய வாணாமா? அவன் இன்னும் நெசத்தச் சொல்லலியே."

அப்படியே வருஷங்கள் போயின. உனக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்தது. படுத்த படுக்கையானாய். புதிதாக வந்த போதகர் திருவிருந்து அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். நீ தலையை அசைத்தாய். "மோசஸக் கூட்டியாங்க பாஸ்டர். அப்பறம் பாக்கலாம்."

அவன் வந்து வாசற்படியிலேயே நின்றான். நீ உள்ளே கூப்பிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாய்.

"சொல்லு. எம்புள்ள உசுரோட இருந்தானா?"

அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். பிறகு சொல்லத் தொடங்கினான்.

"இருந்தான்க்கா. நான் குடிச்சிருந்தேன். சத்தம் கேட்டு எறங்கி வந்து பாத்தேன். என்ன அடையாளம் கண்டுக்கினான். 'மோசஸண்ணே, தூக்குண்ணே'ன்னு கைய நீட்டினான். எனக்கு பயம் வந்துடுச்சுக்கா. வண்டிய அங்கியே வுட்டுட்டு கரும்புக்குள்ள ஓடிட்டேன்."

"வேற எதனா சொன்னானா?"

"தெர்லக்கா. நான்தான் ஓடிட்டேனே."

நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உன் முதுகு மட்டும் குலுங்கியது. அவன் வாய்விட்டு அழுதான். போதகர் ஏதோ ஆரம்பித்தார், நான் சும்மா இருக்கச் சொன்னேன். எனக்கு அவன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவேண்டும் போலிருந்தது. நீ திரும்பினாய். முகம் வெளுத்திருந்தது.

"மோசஸு, உன்ன மன்னிச்சேன். போயிட்டு வா."

அப்புறம் திருவிருந்து வாங்கினாய். அந்த வரியையும் சொன்னாய். குரல் நடுங்கினாலும் ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை.

எல்லோரும் போனபின் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டேன். "எப்படிக்கா ஒனக்கு மனசு வந்துச்சு?"

"மனசு எங்கடி வந்துச்சு? வரவே இல்ல. வராமதான் சொன்னேன். ஆண்டவரு செய்யின்னாரு, செஞ்சேன். நாளைக்குக் காலைல எழுந்தா மறுபடியும் கசக்கும், மறுபடியும் சொல்லணும். உசுரு இருக்கற வரைக்கும் தெனம் சொல்லணும்."

அந்த வாரமே உன் உயிர் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்தில் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கியபோது மோசஸ் ஓடிவந்து தோள் கொடுத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். "நீ தொடாத. தூக்குன்னு கேட்டப்ப தூக்குனியா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவன் விலகி, மதில் ஓரமாகப் போய் நின்றான். "பெத்தவளே மன்னிச்சிட்டா, ஒனக்கு இன்னாடி?" என்று சபைப் பெண்கள் என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

எனக்கு என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. உன் கட்டிலருகே நானும்தானே நின்றிருந்தேன்? எனக்கும்தானே காது இருந்தது? நீ கேட்டு, அழுது, மன்னித்து, கண்ணை மூடிவிட்டாய். டேவிட் நீட்டிய அந்தக் கை இப்போது என்னிடம் இருக்கிறது. டேவிட்டை என் இடுப்பில் வைத்துச் சோறூட்டியவள் நான். உன்மேல்கூட எனக்குச் சில நாள் கோபம் வருகிறது, அக்கா. உண்மையை நீ கேட்காமலே இருந்திருக்கலாம். அவனை வெறும் பொறுப்பில்லாதவன் என்று திட்டிவிட்டு நான் காலம் தள்ளியிருப்பேன்.

இருந்தாலும் நீ சொன்னதை விடவில்லை. காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் நின்று சொல்கிறேன்: "ஆண்டவரே, மோசஸை மன்னிக்கிறேன்." மனசு துளியும் வருவதில்லை. சொல்லி முடித்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறேன். நீ இதைச் சில நாள்தான் சொல்லவேண்டியிருந்தது. எனக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கியோ, தெரியவில்லை.

நேற்றுக் காலை சொன்னேன். இன்றைக்கு எவ்வளவு நேரம் நின்றும் வாய் திறக்கவில்லை. நாளைக்கும் எழுந்து நிற்பேன், அக்கா.