கார்டில் கேட்கிற கேள்வியா இது

786
காரிமங்கலம்,
14-9-1973

அன்பு மகன் அக்பர் அலிக்கு, அத்தா அப்துல் ஷுக்கூர் எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் ஷகிலாவும் பம்பாயில் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் புரியட்டும். நானும் சுகம் என்று எழுத வழியில்லை, என் சுகம் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்பது உனக்கும் தெரியும், இந்தச் சந்தைக்கே தெரியும், தெரியவைத்தவன் நீ. ஒட்டி அனுப்புகிற இன்லேண்ட் லெட்டர் பம்பாயில் விற்பதில்லையா? வயிற்று வழியாக மூத்திரம் ஒழுகுவது நின்றதா என்று பெற்ற தகப்பனைத் திறந்த கார்டிலா கேட்பது? சந்தை நாளில் தபால்காரர் மாது வீடு வீடாக வரமாட்டார், எல்லாவற்றையும் டீக்கடையில் வைத்துவிட்டுப் போவார் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த உனக்கு மறந்துபோயிற்றா? நான் போய் வாங்குவதற்குள் கார்டு நாலு கை மாறிவிட்டது. என் சந்தைக் கடையில் லுங்கி எடுக்கிற பச்சியப்பன் அத்தனை பேர் நடுவில், பாய், வயித்துல இன்னும் ஒழுவுதுங்களா, எங்க வூட்டுல ஒரு பச்சிலை இருக்குதுங்க என்று இரக்கமாகக் கேட்கிறான். அப்போதே கடையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உனக்கு எழுதியது நசீம் பானுதான் என்று தெரியும். உன் தங்கை பாதிதான் எழுதியிருப்பாள், மீதியை நானே எழுதுகிறேன். பிராஸ்டேட்டை எடுத்தாயிற்று, அதில் புற்று இருந்தது, மாத்திரை கொடுத்துவிட்டார்கள், இத்தோடு விட்டது என்று நினைத்துத்தான் உன்னை ரயில் ஏற்றினோம். நீ போன எட்டாம் நாள் அடிவயிற்றில் தையல் போட்ட இடத்தில் ஓட்டை விழுந்து மூத்திரம் கசிய ஆரம்பித்தது. நூறு பேரில் ஒருவருக்கு இப்படி ஆகும், கீழ் வழியாக ரப்பர் குழாய் போட்டு மூத்திரப் பையைக் காலியாகவே வைத்திருந்தால் ஓட்டை தானாக மூடிக்கொள்ளும், தண்ணீர் மட்டும் நிறையக் குடியுங்கள் என்று சொல்லி டாக்டர் குழாயைப் போட்டு அனுப்பினார். அந்த நூற்றில் ஒருவன் நானாகத்தான் இருக்க வேண்டுமா, யாரிடம் போய்ச் சண்டை போடுவது? வாரம் இருமுறை நர்ஸ் லூர்துமேரி வந்து கட்டு மாற்றுகிறாள், நல்ல பெண், ஆனாலும் என் மகள் வயதுப் பெண் முன்னால் படுத்துக் கிடக்கிற ஆத்திரத்தில் அவளிடமும் எரிந்து விழுகிறேன்.

குழாயும் அது வடிகிற பாட்டிலுமாக ஜும்ஆத் தொழுகைக்குப் போக முடியுமா? ஒரு சொட்டு விழுந்தாலும் கை கால் கழுவிச் செய்த ஒளு போச்சு, பள்ளிவாசலில் விரித்த பாய் வேறு அசுத்தமாகிவிடும். அதனால் வியாழன் மாலையோடு தண்ணீரை நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை பாட்டிலைக் கழற்றிக் குழாயின் வாயை நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். இரண்டு வெள்ளி நன்றாகத்தான் நடந்தது, ஒருவருக்கும் தெரியாது, உன் அம்மாவுக்கும் தெரியாது. மூன்றாம் வெள்ளி ருகூவில் குனிந்தபோது வயிற்றுக் கட்டு பிய்த்துக்கொண்டு லுங்கி நனைந்துவிட்டது. தொழுகிற ஸஃப் வரிசையை விட்டு விலகி, துண்டால் மறைத்துக்கொண்டு வீடு வந்தேன் அக்பரு. சாயங்காலம் குளிர் காய்ச்சல் வந்து, டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் அந்த நூலை என் கண்முன்னே தூக்கிப் பிடித்துக் கத்தினார்.

இதற்குமேல் கேள். உன் கார்டுச் சேதி பள்ளிவாசல் ஹஜ்ரத் காதுக்கும் போய் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். நிற்காமல் ஒழுகுகிறவருக்கு ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதிதாக ஒளு செய்தால் போதும், அதன்பிறகு ஒழுகினாலும் தொழுகை கூடும், உடம்பு தேறும்வரை ஜும்ஆவுக்கு வராமல் வீட்டிலேயே மதிய லுஹர் தொழலாம், இந்த வருஷம் நோன்பும் வேண்டாம், இதை முன்னமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பாய் என்றார். கேட்டிருக்கலாம்தான். வெட்கம் கேட்கவிட்டதா? கார்டு நல்லதுதான் செய்தது என்கிறாள் உன் அம்மா ரஹமத் பீவி, நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, பாங்கு சொல்கிறார்கள், எல்லோரும் போகிறார்கள், நான் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அழுகைதான் வருகிறது, அதுவும் கோபமாகத்தான் வருகிறது.

நேற்று மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் செய்த காரியத்தால் ஓட்டை பெரிதாகிவிட்டதாம், இனி தானாக மூடாது, திறந்துதான் தைக்க வேண்டும், அக்டோபர் மூன்றாம் தேதி என்று குறித்துவிட்டார்கள். இந்த வயதில் இரண்டாவது முறை, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். ஷகிலா மாசமாக இருப்பதாக நசீம் சொன்னாள், சந்தோஷம், அவளைக் குடம் தூக்கி மாடி ஏற விடாதே, தனியாகவும் விடாதே, நீ கிளம்பி வரும்போது ரயிலில் படுக்க வைத்துக் கூடவே அழைத்துக்கொண்டு வா.

ஆபரேஷன் பேப்பரில் யார் கையெழுத்துப் போடுவீர்கள் என்று டாக்டர் கேட்டதும் உன் அம்மா கைநாட்டு வைக்கக் கட்டைவிரலை நீட்டினாள். அவள் கையைத் தட்டிவிட்டு, மகன் பம்பாயிலிருந்து கிளம்பிவிட்டான், அவன்தான் போடுவான் என்று சொல்லிவிட்டேன். நோன்பு நெருங்குகிற நாளில் வாய் கூசாமல் சொன்ன பொய். நீ வந்து நின்றால்தான் அது பொய்யில்லை என்றாகும்.

உங்கள் இருவருக்கும் வரப்போகும் பிள்ளைக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். மூன்றாம் தேதி, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அத்தா
மு. அப்துல் ஷுக்கூர்