தூசி இருக்கிறது, வாயு இல்லையாம்

மார்ச் 3
இன்றும் ரேடியோ வரைபடம் சமதரை. நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் கூடிய கொத்து, அதன் நட்டநடுவில் என் ராட்சசி, இருப்பதிலேயே பெரிய கேலக்ஸி. படத்தில் அவள் குறுக்கே தூசிப் பட்டை கருப்பாக, தெளிவாக ஓடுகிறது. தூசி இருந்தால் குளிர்ந்த மூலக்கூறு வாயுவும் கூடவே இருக்க வேண்டும். இருந்தால் வரைபடத்தில் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஒரு மேடாக எழும்பிக் காட்டிக்கொடுக்கும். எங்கே மேடு? வாங்கிய தொலைநோக்கி நேரமெல்லாம் தண்டமா?

மார்ச் 5
பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "வாயு இல்லைன்னு எழுதி முடிச்சிடும்மா." அவருக்கென்ன, நிரந்தர நாற்காலி. இல்லை என்று எழுதினால் மாதக் கடைசியில் எனக்கு வேலையும் இல்லை. எதையாவது கண்டுபிடித்தால்தான் ஒப்பந்தம் நீளும்.

மார்ச் 6
தலைவலி.

மார்ச் 9
கணவரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் கேட்டது இவ்வளவுதான்: "வேலை போய் வீட்டைக் காலி பண்றதுன்னா அட்டைப்பெட்டி வாங்கணும். வாங்கட்டுமா?" வேணாம்னேன். அப்புறம் வாங்குங்கன்னேன். எனக்கு என்னதான் வேணும்?

மார்ச் 12
ஆத்திரத்தில் போட்ட கணக்கையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். எப்போதும் முதல் வேலை, வரைபடத்தின் இரண்டு ஓரங்களையும் வெட்டுவது. அங்கே கருவி இரையும், நம்பக் கூடாது. பேராசிரியர் எழுதிய நிரல் அதைத் தானே வெட்டிவிடும். இன்று வெட்ட விடவில்லை. இடது ஓரத்தில் — மேடு! பாதி மேடு. வரைபடத்தின் நடு என்பது கேலக்ஸியின் வேகம்; வாயு அந்த வேகத்தில் இல்லை, தன் போக்கில் விலகி ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில்தான் இருக்கும் என்று நாங்களாக முடிவு கட்டி, வெட்டி எறிந்து... சே!

மார்ச் 13
"ஓரத்துல இருக்கிறதெல்லாம் இரைச்சல்மா. என் கட்டுரை முழுக்க அந்த நிரல்லதான் பண்ணது."
"இன்னொரு தடவை பார்த்துடலாம் சார்."
"தொலைநோக்கி நேரம் யாரு குடுப்பா?"
அறைக்கு வந்து கதவை அறைந்து சாத்தினேன். கைதான் வலித்தது.

மார்ச் 17
தன் நேரத்திலிருந்தே கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அந்த ஓரம் நடுவுக்கு வரும்படி அலைவரிசையை நகர்த்தினேன்.

மார்ச் 24
முழு மேடு. அழுதுவிட்டேன்.

மார்ச் 28
ஒப்பந்தம் நீண்டது. சொல்ல ஓடினால், பேராசிரியரே என் அறைக்கு வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொத்துகளின் நடுக் கேலக்ஸிகளில் வாயு அரிது என்று சொல்லிப் பேர் வாங்கிய கட்டுரை அவருடையது.
"அந்தக் கட்டுரையோட தரவைத் திற. வெட்டாதே."
முதல் கேலக்ஸியைத் திறந்தேன். வலது ஓரத்தில் மேடு.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அடுத்ததைத் திறம்மா," என்றார்.