எங்கள் மலைத் தண்ணீர்

மனிசாலெஸ்,
ஆகஸ்ட் 14

அன்புள்ள எடில்மா அக்காவுக்கு,

வெளிச்சம் இன்னும் கண்ணைக் குத்துகிறது என்றாய். அதனால் இதை அம்மாதான் உனக்கு வாசித்துக் காட்டுவாள். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை, மாற்றுக் கருவிழி கிடைத்துவிட்டது என்று அத்தான் போனில் சொன்னார். போகோத்தாவில் குளிராமே. போர்வை போதுமா?

இங்கே மழை. ஜன்னலில் எரிமலைச் சாம்பல் சேறாக வழிகிறது. துடைக்கவில்லை.

ஆய்வகத்துக்கும் அறைக்கும் நடப்பதே வாழ்க்கையாகிவிட்டது. குளிர் பிளாஸ்மா ஒரு சிறிய நீலச் சுடர். விரலை நீட்டினால் சுடாது. கண்ணில் போடும் லென்ஸை அருகில் காட்டினால் கிருமி சாகிறது, லென்ஸும் காய்ந்து சுருள்கிறது. தள்ளிப் பிடித்தால் லென்ஸ் பிழைக்கிறது. உன் கண்ணைத் தின்ற அமீபாவும் பிழைக்கிறது, தன் ஓட்டுக்குள் சுருண்டு. பதினோரு முறை. ஒவ்வொரு முறையும் ஏழு நாள் காத்திருந்து கிருமி வளர்க்கும் தட்டைப் பார்த்தால், அது ஊர்ந்துபோன தடம் மெல்லிசாகத் தெரியும். "ஒன்னவிட நல்லாத் தூங்கி எந்திரிச்சிருக்கு பாரு, டாக்டரே" என்பார் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒவிதியோ.

பன்னிரண்டாவது முறை சுடரை லென்ஸில் காட்டவில்லை. லென்ஸ் ஊறும் உப்புநீருக்குள் செலுத்தினோம். இன்று ஏழாம் நாள். தடம் இல்லை. லென்ஸும் சுருளவில்லை. ஒவிதியோ மூன்று தடவை பார்த்துவிட்டு, "செத்துருச்சுப்பா, நீ போய்ப் படு" என்றார். இன்னும் பலமுறை செய்து பார்த்தால்தான் நம்பலாம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தூக்கம் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், அந்த ஞாயிற்றுக்கிழமை லென்ஸ் கழுவும் மருந்து தீர்ந்திருந்தது. வேண்டாம், கண்ணாடியே போட்டுக்கொள்கிறேன் என்றாய். நான்தான் குழாயைத் திறந்தேன். "பனிமலைத் தண்ணிக்கா. நாட்டுலயே சுத்தம். அலசிப் போட்டுக்கோ." இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் சொன்னது நான்.

"அமீபா குழாய்த் தண்ணியிலதான் வரும், யார் அலசச் சொன்னது?" என்று கண் டாக்டர் கேட்டபோது, "நானாத்தான் அலசினேன்" என்றாய். பக்கத்தில் நின்ற நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக அம்மா உன்னைத்தான் பொறுப்பில்லாதவள் என்கிறாள். போன வாரம்கூட. நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அம்மா, இங்கே நிறுத்தாதே. மேலே உள்ளதை இன்னொரு தடவை சத்தமாக வாசி, அக்கா காதில் விழட்டும். திட்டுவதை எனக்கு மிச்சம் வை, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். இப்போது காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொள். வியாழக்கிழமை அவளை உள்ளே கூட்டிப்போகும்வரை விடாதே.

உன் தம்பி,
துவான்