ப்ளேன் குறுக்கே வந்த பாட்டு

என் செல்ல ரோசி அக்காவுக்கு,

முதலில் உட்கார். நீ நின்றுகொண்டே கேட்டால் எனக்குப் பேச்சு வராது. உன் பாட்டு டி.வி.யில் வரப்போகிறது.

நம்ப மாட்டாய் என்று தெரியும். தாம்பரத்தில் என்னோடு வேலை பார்க்கிற சாந்தியின் அண்ணன், தனியார் சேனலுக்கு ஒரு நாடகம் எடுக்கிறார். “எல்லார் வூட்லயும் ஓடுற சினிமாப் பாட்டு வேணாம்மா. யாரும் கேக்காத பாட்டு ஒண்ணு வேணும்” என்று அவளிடம் சொல்லியிருந்தார். யாரும் கேட்காத பாட்டுக்கு நம் வீட்டை விட்டால் வேறு இடம் ஏது? அம்மாவின் புடவை அலமாரியிலிருந்து உன் பாட்டு பதிந்த அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

நம் பொழிச்சலூர் வீட்டு மாடி அறை நினைவிருக்கிறதா? பத்து நிமிடம் சேர்ந்தாற்போல அமைதி கிடையாது. பக்கத்திலேயே ஏர்போர்ட், தலைக்கு மேலேயே ப்ளேன் இறங்கும். அதனால்தான் பாட்டைப் பதிவு செய்த அன்றைக்கு எனக்கு அந்த வேலை கொடுத்தாய்: அறைக்கு வெளியே மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்க்க வேண்டும், தூரத்தில் ப்ளேன் தெரிந்ததும் சிவப்புத் துண்டை ஆட்ட வேண்டும். உடனே, உனக்காகக் கிடார் வாசிக்க வந்த பென்னி அண்ணன் கிடாரை நிறுத்திவிடுவார், நீ டேப்பை நிறுத்திவிடுவாய். பாட்டு நீ எழுதியது, மெட்டும் உன்னுடையது. அன்றைக்குப் பதினோரு தடவை ஆரம்பித்துப் பதினோரு தடவையும் நிறுத்தினோம்.

பன்னிரண்டாவது தடவை கடைசி அடி வரைக்கும் வந்துவிட்டாய். அப்போது வந்தது ப்ளேன். நான் துண்டை ஆட்டவே இல்லை. மறுநாள் பென்னி அண்ணன் மஸ்கட்டுக்குப் புறப்பட்டுவிட்டார், கிடாரும் போய்விட்டது. நமக்கு மிஞ்சியது அந்த ஒரு பதிவுதான்.

அதைத் தூக்கிக்கொண்டு கோடம்பாக்கம் வரை போனாயே. “கொரல் நல்லாத்தான் கீது. பாட்டுக்குள்ள ப்ளேன் ஓடுதேம்மா, இதை எந்தப் படத்துல வெக்கிறது?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வந்தவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த மாதமே குரோம்பேட்டையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு உட்கார்ந்துவிட்டாய். அப்புறம் பாடவே இல்லை. ப்ளேன் போனால் மட்டும், “ஓடுடி, உன் ஆளு வந்துட்டான், துண்டைக் காட்டு” என்பாய். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

பக்கத்து மாடி ராஜனைப் பார்த்துக்கொண்டு கோட்டை விட்டேன் என்று கடைசிவரை நினைத்தாய். நானும் மறுக்கவில்லை. இப்போது சொல்கிறேன், அவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. நான் அறை ஜன்னல் பக்கம் வந்து நின்றிருந்தேன். பதினோரு தடவையும் வானத்தையே பார்த்ததில், உன் பாட்டை நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை அக்கா. ஒரே ஒரு தடவை கேட்போம் என்று வந்தவள், வானத்தை மறந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிப் பத்து நாளும் உன் பக்கத்திலேயே இருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா?

சாந்தியின் அண்ணன் மூன்று தடவை போட்டுக் கேட்டார். கூட இருந்த சவுண்டுக்காரர், “ட்யூன் சூப்பர் சார். வேற யாரையாவது வெச்சு சுத்தமா பாடிடலாம்” என்றார். இன்னொருத்தி குரலில் உன் பாட்டைக் கேட்க வேண்டுமா?

“வேணாம்பா,” என்றார் சாந்தியின் அண்ணன். “ப்ளேன் சத்தம் வந்தும் நிறுத்தல பாரு. அதோட சண்டை போட்டுப் பாடுது. இதை யாரு திரும்பப் பாடுவா? அப்படியே வெச்சுக்கலாம்.”

அங்கேயே அழுதுவிட்டேன். மானம் போனது. சாந்தி பாவம், தண்ணீர் வாங்க ஓடினாள்.

பாட்டு முடிந்ததும் நீ சிரித்துக்கொண்டே கத்தினாயே, “ஏய் லூசு! வெளிய இன்னாடி பண்ணிகினு இருந்தே?” என்று, அதுவும் பதிவாகியிருக்கிறது. அப்பாவின் ஜெபக் கேசட்டின் மேல்தானே பதிவு செய்தோம்; அதற்குப் பிறகு வருவது நாம் அழிக்காமல் விட்ட மிச்சம், போதகரின் ஆமென். ஆமெனை வெட்டிவிடலாம், திட்டு இருக்கட்டுமா என்று சாந்தியின் அண்ணன் கேட்டார். இரண்டையும் வெட்டச் சொல்லிவிட்டேன். பாட்டு ஊருக்கு. திட்டு எனக்கு வாங்கியது, அது என்னிடமே இருக்கட்டும்.

‘பாடலும் குரலும்: ரோசி, பொழிச்சலூர்’ என்று எழுத்து போடுவார்களாம். “பேரைப் பெருசா போடச் சொன்னியாடி?” என்று அம்மா தினமும் கேட்கிறாள். பென்னி அண்ணனுக்குக் கடிதம் போட்டாயிற்று. தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி. முன்னால் உட்காருவேன். நம் வீட்டுக்கு மேலே எத்தனை ப்ளேன் போனாலும் எழுந்திருக்க மாட்டேன். சத்தியமாக, இந்தத் தடவையும் வானத்தைப் பார்க்க மாட்டேன் அக்கா. உன்னைத்தான் கேட்பேன்.

துண்டை ஆட்டாத உன் தங்கச்சி,
மேரி