உதடு அசையாமல்

ஜூன் 3, செவ்வாய்

இணையப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில். தகவல் பாதுகாப்புப் பட்டப்படிப்பில் இடம் உண்டாம். ஆனால் நான் வீட்டிலிருந்தே படித்து வாங்கிய நெட்வொர்க் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதாம். மாதக் கடைசிக்குள் மறுபடி எழுதித் தேற வேண்டும். இல்லையேல் அடுத்த வருடம்தான். அதுவரை இந்தத் துணிச்சல் தாங்குமா?

"சர்டிபிகேட்டுக்குமா எக்ஸ்பயரி? அது என்ன பால் பாக்கெட்டா?" என்கிறார் இவர். நாத்தனார் போனில்: "பாஸ் பண்ணின பரீட்சைக்கே திரும்பப் படிக்கிற ஒரே ஆளு நீங்கதான் அண்ணி."

ஜூன் 9, திங்கள்

பழைய பாடம்தானே என்று அலட்சியமாகத் திறந்தேன். முன்பின் அறியாத இரண்டு கணினிகள், ஊரே ஒட்டுக்கேட்க, சில எண்களை வெளிப்படையாகப் பரிமாறிக்கொள்கின்றன. முடிவில் இருவர் கையிலும் ஒரே சாவி, செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண். அந்தச் சாவி ஒருமுறைகூட வழியில் போகவில்லை!

அன்று இதை மனப்பாடம் செய்து தாண்டியிருக்கிறேன். பைசா பிசகாமல் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள்தான். எண்ணுக்குள் இப்படியொரு அற்புதத்தை வைத்திருக்கிறாயே, இறைவா! குக்கர் எத்தனை விசில் அடித்ததோ, தெரியாது.

ஜூன் 14, சனி

பரீட்சை ரத்து.

வீட்டிலிருந்தே எழுதுவதுதான். கேமராவைச் சுழற்றி அறை, மேஜையடி, என் காதுவரை காட்டினேன். பாதியில் கண்காணிப்பாளரின் வரி திரையில்: "உதடுகள் அசைகின்றன. யாருடன் பேசுகிறீர்கள்?"

வேண்டிக்கொண்டிருந்தேன். கை வேலை செய்தால் வாய் அவனைக் கூப்பிடும். சின்ன வயதுப் பழக்கம். பொய் சொல்ல வரவில்லை. "கடவுளுடன்" என்று தட்டினேன். திரை அணைந்தது.

ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்? உன்னைக் கூப்பிட்டதா தப்பு?

ஜூன் 16, திங்கள்

27ஆம் தேதி இன்னொரு முறை எழுதலாமாம். அதுவே கடைசி.

ஜூன் 20, வெள்ளி

மாதிரித் தேர்வு. எதிரே மகள் காவல்.

"அம்மா, வாய்!"

"மூடித்தானே இருக்கு?"

"மூடிக்கிட்டே முணுமுணுக்கிறே."

வேண்டினால் உதடு அசைகிறது. வேண்டாவிட்டால் விடை தப்பாகிறது — எதை விட?

ஜூன் 26, வியாழன்

சாவிப் பாடத்தை மறுபடி படித்தேன். சாவி வழியில் போவதே இல்லை. பிறகு என் வார்த்தை மட்டும் ஏன் வாய்வழி போக வேண்டும்? கேட்கிறவன் உள்ளேதானே இருக்கிறான்?

உடம்பு சிலிர்த்துவிட்டது. உதட்டை அசைக்காமல் உள்ளேயே கூப்பிட்டுப் பார்த்தேன்.

ஜூன் 27, வெள்ளி

தேறிவிட்டேன். கண்காணிப்பாளர் கடைசிவரை ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மாலையில் முதல் வகுப்பு. அதற்குள் பாத்திரங்களைக் கழுவிவிடலாம் என்று நின்றேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, வாய் சும்மா இருக்கு? இன்னிக்கு வேண்டிக்கலையா?"

"வேண்டிக்கிட்டுதான்டி இருக்கேன்."

பக்கத்தில் வந்து என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.